அம்பயர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்?

நியூ ஜெர்சியில் நான் நடத்திய வழக்குகளில் ஜூனியர்களிடம் அடிக்கடி எடுத்துச் சொல்லுவது ஒரு பேஸ்பால் அம்பயருக்காக வாதாடியதைத்தான். பெரிய தொகை இல்லை, பத்திரிகையிலும் வரவில்லை. ஒரு மனிதர் ஒரு நொடியில் எந்தப் பக்கம் திரும்பி நின்றார் என்பதை வைத்தே முழு வழக்கும் நின்றது. தான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்ல அவர் மறுத்தார். அந்த மறுப்பால்தான் இன்னொருவருக்கு எலும்பு முறிந்தது என்றது எதிர்த்தரப்பு. அவர் செய்தது சரி என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

கட்சிகளின் பெயரையோ ஊரையோ லீகின் பெயரையோ சொல்லப்போவதில்லை. 2022-க்குச் சில ஆண்டுகள் முன்பு முடிந்துபோன வழக்கு. அந்த ஆண்டை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது பின்னால் வரும்.

35 வயதைத் தாண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடுகிற அமெச்சூர் லீக் அது. பூங்கா மைதானம், மர மட்டை, சொந்தக் காசில் வாங்கிய சீருடை. ஆடுகிறவர்கள் பிளம்பர், பள்ளி ஆசிரியர், லாரி ஓட்டுபவர் என்று வாரம் முழுக்க உழைக்கிறவர்கள். ஆட்டத்துக்கு இரண்டு அம்பயர்கள் வரவேண்டும் என்பது லீகின் ஏற்பாடு. அன்று காலை ஒருவர் காய்ச்சல் என்று வராமல் போனார். வந்தவர் என் கட்சிக்காரர். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு ஆட்டத்துக்கு 80 டாலர் வாங்குபவர். இரண்டு அணி மேனேஜர்களிடமும் கேட்டார். இருவரும் ஒருவரே போதும், ஆரம்பித்துவிடலாம் என்றார்கள். விதிப்புத்தகமும் அதை அனுமதிக்கிறது. ஒரே அம்பயர் இருந்தால் மைதானம் முழுவதும் அவர் அதிகாரத்தில் வரும். தன் கடமைக்கு வசதியான எந்த இடத்திலும் அவர் நிற்கலாம்.

மூன்றாவது இன்னிங்ஸ். முதல் பேஸில் ஒரு ரன்னர். அடித்த பந்து தரையோடு ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. அவர் இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். அங்கே வந்து நின்ற செகண்ட் பேஸ்மேன் பந்தைப் பிடித்ததும் ஓடிவந்த ரன்னர் அவுட். பிடித்தவர் உடனே சுழன்று, அடித்தவரையும் அவுட் ஆக்க முதல் பேஸுக்கு எறிந்தார். பேஸ்பாலில் இதை டபுள் பிளே என்பார்கள். பந்து அவர் கையை விட்டுப் போன பிறகு, ஏற்கெனவே அவுட் ஆகிவிட்ட ரன்னர் பேஸை விட்டு விலகிச் சறுக்கிக் காலை உயர்த்தி அவரைச் சாய்த்தார் என்பது ஃபீல்டிங் அணியின் குற்றச்சாட்டு. முதல் பேஸில் அடித்தவர் அரை எட்டு முந்தியிருந்தார். "சேஃப்" என்று கை விரித்துவிட்டு அம்பயர் திரும்பியபோது செகண்ட் பேஸ்மேன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தார். ரன்னர் சீருடையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஓடிவந்தார். வேண்டுமென்றே மோதியிருக்கிறான், அடித்தவனையும் அவுட் கொடுங்கள், இவனை மைதானத்தை விட்டு வெளியேற்றுங்கள் என்றார். "நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது" என்றார் அம்பயர். ஆட்டம் தொடர்ந்தது.

ஆறாவது இன்னிங்ஸில் அதே ரன்னர் இரண்டாம் பேஸில் இருந்தார். வலப்புறம் ஒரு அடி விழ, மூன்றாம் பேஸைச் சுற்றி ஹோம் பிளேட்டை நோக்கி ஓடிவந்தார். பந்து அவருக்கு முன்பே கேட்சரின் கைக்கு வந்துவிட்டது. ரன்னர் சறுக்கவில்லை, விலகவில்லை, தோளைக் குனிந்து நேராக மோதினார். கேட்சரின் காறை எலும்பு இரண்டாக முறிந்தது. இந்தத் தடவை எல்லாம் அம்பயரின் கண்முன்னே நடந்ததால் ரன்னரை அந்த இடத்திலேயே வெளியேற்றினார். ஆனால் கேட்சர் தொழிலால் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் பல மாதம் வருமானமின்றி வீட்டில் இருந்தார். ரன்னர், லீக், அம்பயர் என மூன்று பேர்மேலும் வழக்குப் போட்டார். மூன்றாவது இன்னிங்ஸிலேயே அந்த ஆளை வெளியேற்றியிருந்தால் ஆறாவது இன்னிங்ஸ் விபத்தே நடந்திருக்காது என்பதுதான் அம்பயர் மேல் இருந்த புகார். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகப் படுகிற புகார்தான்.

அம்பயர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்துவைப்பது அமெரிக்காவில் வழக்கம். அப்படி இவருக்குக் காப்பீடு தந்த நிறுவனம்தான் என்னை அமர்த்தியது. நியூ ஜெர்சியில் 1986-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. காசு வாங்காமல் சிறுவர் அணிகளுக்கும் அமெச்சூர் ஆட்டங்களுக்கும் உழைக்கிற பயிற்சியாளர், மேனேஜர், அம்பயர் ஆகியோருக்கு அது ஒரு பாதுகாப்புத் தருகிறது. இவர் காசு வாங்கியவர் என்பதால் அந்தக் கேடயத்தின் பின்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை. அவர் செய்த வேலையையே முன்னால் வைத்து வாதாடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முதலில் அந்த வேலை எனக்குப் புரிய வேண்டும். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். யாராவது கேட்டால்தான் அம்பயர் விரல் தூக்குவார் என்ற பழக்கத்திலிருந்து வருகிறவனுக்கு, ஒவ்வொரு பந்துக்கும் ஒவ்வொரு பேஸுக்கும் தானாகவே தீர்ப்புச் சொல்லியாக வேண்டிய பேஸ்பால் அம்பயரின் உழைப்பு பிரமிப்பாக இருந்தது.

ஒரு நவம்பர் பிற்பகலில் அவரை அதே மைதானத்துக்கு வரச் சொன்னேன். சக்கரம் வைத்த பெரிய பையை இழுத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் உடம்பில் மாட்டிக்கொண்டு செய்து காட்டும்படி கேட்டேன். சட்டைக்கு உள்ளே கடினமான மார்புக் கவசம். அந்தக் காலத்து அம்பயர்கள் காற்றடைத்த பெரிய தலையணை போன்ற கவசத்தை வெளியே பிடித்துக்கொண்டு நிற்பார்களாம், அது இப்போது வழக்கொழிந்துவிட்டது. பேன்ட்டுக்கு உள்ளே முழங்காலிலிருந்து பாதம் வரை காப்பு. விரல்களுக்கு மேல் எஃகுத் தகடும் மேற்பாதத்துக்குத் தனித் தகடும் வைத்த கனமான ஷூ. இடுப்பின் இரு பக்கமும் பந்துப் பை. பிளேட்டைத் துடைக்க ஒரு சின்னத் தூரிகை. இடது உள்ளங்கையில் பால், ஸ்ட்ரைக், அவுட் எண்ணும் சிறு சக்கரக் கருவி. தொண்டைக்குத் தொங்கும் தகட்டோடு கம்பி மாஸ்க்.

மாஸ்க்கை எப்போதும் இடது கையால்தான் கழற்ற வேண்டும் என்றார். ஏன் என்றேன். "அவுட் சொல்ல வலது கை காலியாக இருக்க வேண்டும். எண்ணும் கருவியும் இடது கையில்தான் இருக்கிறது. மாஸ்க்கைக் கழற்றும்போது தொப்பி விழுந்து கண்ணை மறைத்தால் அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை என்று அர்த்தம்." பிட்சர் எறியும்போது நிற்கும் இடத்தைக் காட்டினார். கேட்சருக்கு நேர் பின்னால் நிற்பதில்லை. அடிப்பவருக்கும் கேட்சருக்கும் நடுவே உள்ள இடைவெளியில், ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல் நுனிக்கு ஒத்து வரும்படி அகட்டி, கேட்சரின் தலை உச்சி அளவுக்குத் தன் மோவாயை வைத்துக் குனிகிறார். பந்து கேட்சரின் கையுறைக்குள் போகும்வரை தலை அசையக் கூடாது, கண் மட்டும் தொடர வேண்டும். போன பிறகு ஒரு கணம் பொறுத்துத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

பிறகு டபுள் பிளே. அடி விழுந்ததும் கேட்சரின் இடப்பக்கமாக வெளியே வந்து, மாஸ்க்கைக் கழற்றியபடி, பிட்சர் மேட்டுக்குப் பாதி வழி ஓடினார். அத்தனை கனத்தோடும்தான். ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் எறியும் பலகைவரை 60 அடி 6 அங்குலம். அதில் ஏறத்தாழ 30 அடி போய், இரண்டாம் பேஸில் பந்து பிடிபடும் முன் நின்றுவிட்டார். ஓடிக்கொண்டே பார்த்தால் கண் குலுங்கும், நின்று பார்க்க வேண்டும் என்றார். இரண்டாம் பேஸில் அவுட் சொன்னார். எறிந்தவரின் கையைப் பந்து விட்டதும் பந்தோடேயே மார்பைத் திருப்பி முதல் பேஸைப் பார்த்து நின்றார்.

நான் இரண்டாம் பேஸின் மேல் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்திலிருந்து பார்த்தபோது அவருடைய இடது தோள்தான் எனக்குத் தெரிந்தது. வழக்கு எனக்குப் பிடிபட்டது அப்போதுதான்.

பேஸ்களுக்கு நடுவே 90 அடி. மணிக்கு 70 மைல் வேகத்தில் எறிந்த பந்து அதைக் கடக்க ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவு. அந்த ஒரு நொடிக்குள்தான் ரன்னரின் கால் செகண்ட் பேஸ்மேன் மேல் விழுந்திருக்கிறது. அதே நொடியில்தான் முதல் பேஸில் அடித்தவரின் காலும் பந்தும் போட்டியிடுகின்றன. முதல் பேஸ் தீர்ப்பில் பந்து கையுறைக்குள் விழும் ஓசையைக் காதால் கேட்டுக்கொண்டு, பேஸில் கால் படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு ஜோடிக் கண் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. இரண்டு அம்பயர்கள் இருந்தால் இந்த வேலை பிரிக்கப்படும். உள்ளே நிற்பவர் பந்தோடு முதல் பேஸுக்குத் திரும்புவார். பிளேட்டுக்குப் பின்னிருந்து வருபவர் பந்தை விட்டுவிட்டு இரண்டாம் பேஸில் சறுக்குபவரின் காலைக் கவனிப்பார். ஒருவர்தான் என்றால் பந்துதான் முன்னுரிமை. பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை கண்ணை அதை விட்டு எடுக்காதே என்பது விதிப்புத்தகம் அம்பயருக்குச் சொல்லும் முதன்மையான அறிவுரைகளில் ஒன்று.

டெபாசிஷன் எதிர்த்தரப்பு வக்கீலின் அலுவலகத்தில் நடந்தது. விசாரணைக்கு முன்பே சாட்சியைச் சத்தியம் செய்யவைத்து, சுருக்கெழுத்தர் பதிவு செய்ய, கேள்வி கேட்கிற முறை இது. எதிர்த்தரப்பு வக்கீல் திறமைசாலி, தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். என் கட்சிக்காரர் கோடையில் பழைய விதிப்படி ஆடும் ஆட்டங்களுக்கும் அம்பயராகப் போகிறவர் என்பதைத் தெரிந்துவைத்திருந்தார். உயரத் தொப்பியும் நீண்ட கோட்டும் போட்டுக்கொண்டு அவர் நிற்கும் படத்தை மேஜைமேல் வைத்தார்.

இந்தப் பழைய ஆட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இதில் பெருமை உண்டு. 1846 ஜூன் 19 அன்று ஹோபோகனில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த எலிஸியன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் நிக்கர்பாக்கர் கிளப் தன் எழுதிய விதிகளின்படி நியூயார்க் அணியோடு ஆடி 23-1 என்று தோற்றது. அந்தப் பரம்பரையை உயிரோடு வைத்திருக்கப் பல ஊர்களில் கிளப்புகள் இருக்கின்றன. அவற்றில் பல 1864-ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக்கொள்கின்றன. கையுறை கிடையாது. பிட்சர் கையைத் தாழ்த்தித்தான் எறிய வேண்டும். அடித்த பந்து ஒரு முறை தரையில் பட்டு எழும்பியதைப் பிடித்தாலும் அவுட். அந்த விதி அந்த ஆண்டோடு மாறப்போகிறது என்பதால் அது ஒரு யுகத்தின் கடைசிக் கோடை. அம்பயர் கேட்சருக்குப் பின்னால் குனிவதில்லை. அடிப்பவரிடமிருந்து ஒதுங்கிப் பக்கவாட்டில் நிற்பார். அவருக்கு ஏதாவது சரியாகத் தெரியாவிட்டால் ஆட்டக்காரரையே கேட்பார். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கேட்பதும் உண்டு. உண்மையைச் சொல்லுவது கௌரவம் என்ற நம்பிக்கையில் நடந்த ஆட்டம். பந்தயமும் சம்பளமும் உள்ளே வந்தபின் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. 1880-களின் தொடக்கத்தில் நேஷனல் லீக் இந்தக் கேட்டறியும் வழக்கத்தை நிறுத்தியது.

கேள்வி இதுதான்: "இந்த உயரத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, தெரியாததை அங்கே இருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள். அன்று மைதானத்தில் பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள். ஏன் கேட்கவில்லை?"

நல்ல கேள்வி. நான் ஆட்சேபம் எழுதிவைத்தேன், ஆனால் சாட்சி பதில் சொல்லியாக வேண்டும். அவர் அவசரப்படவில்லை. "அந்த ஆட்டத்தில் கேட்க எனக்கு விதி இருக்கிறது. சாய்ந்தவரே எழுந்து, இல்லை, அவர் நேராகத்தான் வந்தார் என்று சொல்வதையும் அங்கே பார்த்திருக்கிறேன். இந்த ஆட்டத்தின் விதி சக அம்பயரை மட்டும்தான் கேட்கச் சொல்கிறது. அன்று சக அம்பயர் இல்லை. ஒரு அணியின் மேனேஜர் சொன்னதை வைத்து இன்னொரு அணி ஆளை வெளியே அனுப்பினால், நாளை அந்த அணி சொல்லி இவர்கள் ஆளை அனுப்ப வேண்டும்."

இதற்கு மேல் ஒரு வக்கீல் எழுதிக்கொடுத்திருக்க முடியாது. செவிவழிச் சாட்சியத்தை நீதிமன்றம் ஏன் ஒதுக்குகிறது என்பதற்கு நாங்கள் படித்த காரணமும் இதற்குப் பக்கத்தில் வரும்.

அடுத்த கேள்வியில் எனக்கு அடி விழுந்தது. நியூ ஜெர்சியில் வாதியின் கவனக்குறைவையும் ஜூரி சதவீதம் போட்டுக் கழிக்கும். மற்றவர்கள் எல்லோருடைய பங்கையும் சேர்த்ததைவிட வாதியின் பங்கு அதிகமானால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. மூன்றாவது இன்னிங்ஸ் மோதலைப் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து நன்றாகப் பார்த்ததாகக் கேட்சரே தன் டெபாசிஷனில் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட ஆள் ஓடிவருவது தெரிந்தும் வழியை மறித்து நின்றாரே என்பது என் கையில் இருந்த வலுவான வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் அதை முன்கூட்டியே முறிக்க நினைத்து என் கட்சிக்காரரிடம் கேட்டார்: "கேட்சர் நின்ற இடத்தில் ஏதாவது தவறு உண்டா?"

"இல்லை. பந்து அவர் கையில் இருந்தது. பந்து கையில் இருக்கும் கேட்சருக்கு அங்கே நிற்க உரிமை உண்டு. ரன்னர்தான் சறுக்கியிருக்க வேண்டும் அல்லது விலகியிருக்க வேண்டும்."

தனக்குச் சாதகமான வாதத்தைத் தன் வாயாலேயே அடைத்துவிட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. ஒரு காரணம், அது விதிப்படி உண்மை. இன்னொன்று, இந்தப் பதிலைக் கேட்கும் எந்த ஜூரியும் "நான் பார்க்கவில்லை" என்று அவர் சொல்லும்போது நம்பும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1994-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு சாஃப்ட்பால் வழக்கு எங்களுக்கு அடித்தளம். அதிலும் ரன்னர் ஹோம் பிளேட்டில் கேட்சர்மேல் மோதியிருந்தார். பொழுதுபோக்கு விளையாட்டில் ஒருவர் இன்னொருவரைக் காயப்படுத்தினால் வெறும் கவனக்குறைவு போதாது, வேண்டுமென்றே செய்ததாகவோ பின்விளைவைப் பற்றிக் கவலையே படாமல் செய்ததாகவோ இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அம்பயரும் ஆட்டத்தின் அங்கம்தான், அதே அளவுகோல் அவருக்கும் பொருந்தும் என்பது என் முதல் வாதம். தீர்ப்பில் பிழை என்று சொல்லி நடுவர்கள்மேல் வழக்குப் போட முடியாது என்பதற்கு அயோவாவின் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1982-ல் ஒரு கல்லூரி கூடைப்பந்து ஆட்டத்தில் கடைசி நேரத்தில் நடுவர் சொன்ன ஃபவுலால் உள்ளூர் அணி தோற்றதாகவும், அதனால் தங்கள் கடையில் விற்பனை போனதாகவும் ஒரு கடைக்காரர் தரப்பு நஷ்டஈடு கேட்டது. 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் அது பணம் போன வழக்கு. எங்களுடையது எலும்பு முறிந்த வழக்கு. இந்த வித்தியாசத்தை நீதிபதியிடம் நானே முதலில் சொன்னேன்.

எதிர்த்தரப்பின் கையில் இருந்தது 1967-ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. படித்தவுடன் வயிறு கலங்கியது. அனகோர்ட்டஸ் பள்ளி மாவட்டத்தில் ஒரு மல்யுத்தப் போட்டி. விரிப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுவதைக் கண்ட நடுவர் அதைச் சரிசெய்யப் போனார். அவர் கண் விலகிய நேரத்தில் ஒருவன் தடைசெய்யப்பட்ட கழுத்துப் பிடியைப் போட்டான். மற்றவனுக்கு முதுகுத்தண்டு பாதித்து உடல் முடங்கியது. பள்ளிக்குச் சாதகமாக ஜூரி சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. நடுவரின் கவனக்குறைவுக்குப் பள்ளி மாவட்டம் பொறுப்பாக முடியும் என்றும் சொன்னது. அங்கேயும் கண் விலகியது ஒரு கடமைக்காகத்தான்.

ஆர்பிட்ரேஷனில் நாங்கள் முழுதாக ஜெயிக்கவில்லை. நியூ ஜெர்சியில் இப்படிப்பட்ட வழக்கை நீதிமன்றமே முதலில் அங்கே அனுப்பும். முடிவு யாரையும் கட்டாயப்படுத்தாது, 30 நாளுக்குள் மறுத்து விசாரணை கேட்கலாம். ரன்னருக்கு 70, லீகுக்கு 20, அம்பயருக்கு 10 சதவீதம் என்று வந்தது. பத்து சதவீதத்தைக் கொடுத்து முடித்துவிடலாம் என்றது காப்பீட்டு நிறுவனம். கொடுக்கக் கூடாது என்றார் என் கட்சிக்காரர். "கொடுத்தால் நான் பார்த்துவிட்டு மறைத்தேன் என்று ஆகும்" என்றார். ஒப்பந்தப்படி அவர் சொல்லுக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை. நான் எழுதிய நீண்ட கடிதத்துக்குப் பிறகு சம்மதித்தார்கள்.

ஜூரிக்குப் போகாமலே வழக்கைத் தள்ளும்படி மனுப் போட்டேன். அதில் எனக்கு உதவியது எதிர்த்தரப்பே தாக்கல் செய்த ஒரு புகைப்படம். ஆட்டக்காரர் ஒருவரின் மகள் மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து செல்போனில் எடுத்தது. இரண்டாம் பேஸில் செகண்ட் பேஸ்மேனின் இரண்டு காலும் தரையில் இல்லை. ரன்னரின் ஷூ அவர் முழங்கால் உயரத்தில். அம்பயர் முதல் பேஸைப் பார்த்து நிற்கிறார். இவ்வளவு பெரிய சம்பவம் நடக்கிறது, இவர் வேறெங்கோ பார்க்கிறார் என்று காட்டத்தான் அவர்கள் அதைத் தாக்கல் செய்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி நீதிபதியிடம் கொடுத்தேன். மாஸ்க் இடது கையில். இரண்டு காலும் தரையில் ஊன்றி நிற்கின்றன. நிற்கும் இடம் பிளேட்டுக்கும் பிட்சர் மேட்டுக்கும் நடுவே. மார்பு முதல் பேஸுக்கு நேராக. படத்தின் வலது ஓரத்தில் பந்து முதல் பேஸ்மேனின் கையுறைக்கு வெளியே இன்னும் காற்றில் இருக்கிறது. தனியாக வேலை செய்யும் அம்பயர் அந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் காட்டுவார்களோ, அந்தப் படம் அதுவேதான்.

நீதிபதி மல்யுத்த வழக்கை எடுத்தார். "அங்கேயும் கடமைக்காகத்தான் கண் விலகியது. என்ன வித்தியாசம்?"

"அந்த நடுவரிடம் விசில் இருந்தது. ஊதி நிறுத்திவிட்டு விரிப்பைச் சரிசெய்திருக்கலாம். பேஸ்பாலில் பந்து உயிரோடு இருக்கும்போது, விதி தரும் ஓரிரு விலக்குகளைத் தவிர, அம்பயர் டைம் சொல்ல விதியே இல்லை. இவரால் ஆட்டத்தை நிறுத்தவும் முடியாது, இரண்டு பக்கம் பார்க்கவும் முடியாது" என்றேன்.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. பார்க்கவில்லை, சரி. ஆனால் ஒருவர் கீழே கிடப்பதைப் பார்த்தார், புகாரைக் கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றுமே செய்யாமல் இருந்தாரா? இதற்குப் பதில் கேட்சருடைய அணியின் ஸ்கோர் புத்தகத்தில் இருந்தது. மூன்றாவது இன்னிங்ஸ் கட்டத்துக்குப் பக்கத்தில், அம்பயர் இரண்டு மேனேஜர்களையும் கூப்பிட்டுப் பேசியதாகப் பென்சிலில் ஒரு குறிப்பு. இனி இப்படி ஒன்றைக் கண்டால் எச்சரிக்கையின்றி வெளியேற்றுவேன் என்று அவர் சொன்னதை இரண்டு மேனேஜர்களும் உறுதிப்படுத்தினார்கள்.

நீதிபதி அங்கேயே தீர்ப்பை வாசித்தார். எந்த அளவுகோலை வைத்தாலும், கவனக்குறைவு என்கிற தாழ்ந்த அளவுகோலை வைத்தாலும்கூட, இவர் செய்ததில் ஜூரி குறை காண இடமில்லை என்றார். அம்பயர்மேல் இருந்த வழக்கு தள்ளுபடியானது. ரன்னர் தரப்பும் லீக் தரப்பும் கேட்சரோடு சமரசம் செய்துகொண்டு பணம் கொடுத்தன. அந்தப் பணம் அவருக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

நீதிபதியின் வேலை அம்பயரின் வேலையைப் போன்றது, பந்து எறிவதோ அடிப்பதோ அவர் வேலையில்லை என்று 2005-ல் தலைமை நீதிபதி நியமன விசாரணையில் ஜான் ராபர்ட்ஸ் சொன்னது இந்த நாட்டு வக்கீல்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த வழக்குக்குப் பிறகு அந்த ஒப்பீடு எனக்கு ஒப்பவில்லை. நீதிபதிக்குப் பதிவேடு இருக்கிறது, இரண்டு பக்க வாதம் இருக்கிறது, தீர்ப்பை ஒத்திவைக்கவும் முடியும். எங்கள் நீதிபதி அந்தப் படத்தை நிதானமாக, கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். என் கட்சிக்காரருக்குக் கிடைத்தது ஒரு நொடி.

2022-ஐப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அந்த ஆண்டு ஈஸ்ட் வின்சர் பள்ளி வாரியத்துக்கு எதிரான ஒரு ஹாக்கி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், 1994-ஆம் ஆண்டு அளவுகோல் ஆட்டக்காரர்களுக்கு இடையில்தான், மாணவியை மேற்பார்வை செய்த பயிற்சியாளருக்குச் சாதாரணக் கவனக்குறைவு அளவுகோலே பொருந்தும் என்று சொல்லிவிட்டது. அம்பயரைப் பற்றி அது பேசவில்லை. ஆனாலும் இன்று இப்படி ஒரு வழக்கு வந்தால் என் முதல் வாதத்தை நம்பி நிற்க மாட்டேன். இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படித்தான் செய்தார் என்று காட்டுவதிலேயே எல்லாவற்றையும் வைப்பேன். அம்பயர் சங்கங்களில் பேசக் கூப்பிடும்போது நான் வற்புறுத்துவதும் இதைத்தான். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்ற பயிற்சியை முழங்காலுக்குச் சிரமம் என்று விட்டுவிடாதீர்கள். மேனேஜர்களிடம் பேசினால் யாராவது எழுதிவைக்கும்படி பேசுங்கள்.

சமரசத்தின்போது லீக், தன் விதிகளில் மோதலைப் பற்றி ஒரு பிரிவு சேர்க்க ஒப்புக்கொண்டது. அதை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். மோதலைத் தவிர்க்க ரன்னர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று வக்கீல் பாஷையில் ஒரு வாக்கியம் எழுதி, என் கட்சிக்காரரிடம் காட்டினேன். அவர் அதன்மேல் பென்சிலால் கோடு போட்டார். "முயற்சி எடுத்தானா இல்லையா என்று 90 அடி தூரத்திலிருந்து எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்" என்றார். அடுத்த பருவத்திலிருந்து அந்த லீகின் விதிப்புத்தகத்தில் இருப்பது அவர் சொல்லி நான் எழுதியது: பந்து கையில் இருக்கும் ஃபீல்டரை நெருங்கும் ரன்னர் சறுக்க வேண்டும் அல்லது விலகிச் செல்ல வேண்டும், இரண்டும் செய்யாமல் மோதினால் அவுட், வெளியேற்றம். அதற்குக் கீழே அவர் கேட்டுச் சேர்த்த இன்னொரு வரியும் இருக்கிறது: ஒரே அம்பயர் உள்ள ஆட்டங்களில், முதல் பந்துக்கு முன், இந்த விதியை இரண்டு மேனேஜர்களும் தங்கள் அணிக்கு உரக்க வாசிக்க வேண்டும்.